கஅபா ஏன் கனசதுரமானது?

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்திலும், தொழுகை விரிப்பிலும், பிள்ளைகளின் மதரஸா ஏட்டின் அட்டையிலும் ஒரே வடிவம் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. கறுப்புத் துணி போர்த்திய நான்கு சுவர்கள். மேலே ஒரு தட்டைக் கூரை. அல்லாஹ்வின் இல்லம் கனசதுர வடிவில் அமைந்தது எப்படி என்று கேட்டால், இப்ராஹீம் (அலை) அவர்கள் அவ்வாறே கட்டினார்கள் என்று நம்மில் பலர் விடை கூறுவோம். வரலாற்று நூல்கள் தரும் விடை வேறு. அந்த விடையில் பள்ளிவாசல் கட்டுவோருக்கும் வீடு கட்டுவோருக்கும் பெரும் படிப்பினை இருப்பதால், அதனை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

கணுக்காலில் தொடங்கும் சொல்

அரபு மொழியில் 'கஅப்' என்பது புடைத்து நிற்பதைக் குறிக்கும் சொல். கணுக்கால் எலும்புக்கும் அதுவே பெயர். உளூவின்போது கால்களை எதுவரை கழுவ வேண்டும் என்று கூறும் மாயிதா அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில் இச்சொல்லே இருமை வடிவில் இடம்பெறுகிறது. ஆக, நாம் நாள்தோறும் உளூச் செய்கையில் தொடும் கணுக்காலும், அதன்பின் முன்னோக்கி நிற்கும் கஅபாவும் ஒரே வேர்ச்சொல்லின் உறவுகள். நான்கு மூலைகளும் சுவர்களும் எடுத்து நிற்கும் கட்டடம் என்பதால் இப்பெயர் வந்தது என்று தொடக்ககால விரிவுரையாளர்கள் சிலர் விளக்கினர். தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால் வந்தது என்று வேறு சிலர் கூறினர்.

பழங்கால மக்கள் ஆட்டின் கணுக்கால் எலும்பை உருட்டிச் சூதாடினர். பின்னர் அந்த எலும்பின் இடத்தை ஆறு முகப் பகடை பிடித்துக்கொண்டது. எனவே பகடைக்கும் அரபியில் இவ்வேரிலிருந்தே பெயர் அமைந்தது. கிரேக்கத்தில் 'கூபோஸ்' என்ற சொல்லும் பகடை, கனசதுரம் இரண்டையும் சுட்டியது. ஆங்கிலத்தின் 'கியூப்' அந்தக் கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே. ஒலி ஒத்திருப்பதால் அது கஅபாவிலிருந்து பிறந்தது என்று சிலர் எழுதுவது சரியன்று.

கணிதத்திலும் இச்சொல் இடம்பெற்றது. அரபு இயற்கணித நூல்களில் அறியாத எண்ணின் இருபடிக்கு 'மால்' என்றும், முப்படிக்கு 'கஅப்' என்றும் பெயர். 1048இல் பிறந்த உமர் கய்யாம் இத்தகைய முப்படிச் சமன்பாடுகளை வகைப்படுத்தி, வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைக் கொண்டு அவற்றுக்கு விடை கண்டார். நம் நாட்டில் அதற்கு முன்பே, 499ஆம் ஆண்டைச் சார்ந்த ஆரியபட்டீயத்தில் கனமூலம் காணும் முறை சொல்லப்பட்டுள்ளது. பள்ளிப் பாடத்தில் நாம் படித்த 'கனம்', 'கனமூலம்' என்ற சொற்கள் அந்த மரபின் தொடர்ச்சி.

பகடையும் புதிரும்

ஒரே வடிவத்தை மனிதர் எதற்குப் பயன்படுத்துகின்றனர் என்பதில்தான் வேறுபாடு உள்ளது. பகடை உருட்டி ஆடும் 'நர்த்' என்னும் ஆட்டத்தை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். உழைப்பையும் சிந்தனையையும் ஒதுக்கிவிட்டுப் பொருளையும் பொழுதையும் ஓர் உருட்டலிடம் ஒப்படைக்கும் பழக்கம் அது.

அதே வடிவத்தைச் சிந்தனைக்குப் பயன்படுத்தியோரும் உண்டு. 1974இல் புடாபெஸ்ட் நகரில் கட்டடக்கலையும் வடிவமைப்பும் கற்பித்த எர்னோ ரூபிக் வடிவமைத்த வண்ணக் கனசதுரம் இன்று நம் பிள்ளைகளின் கைகளில் சுழல்கிறது. அதன் கட்டங்கள் அமையக்கூடிய நிலைகள் 43,252,003,274,489,856,000. ஆயினும் எந்த நிலையிலிருந்தும் அதிகபட்சம் 20 திருப்பங்களில் ஒழுங்குக்குக் கொண்டுவரலாம் என்பது 2010இல் கணினியின் துணையோடு நிறுவப்பட்டது. எத்துணைக் குழப்பத்துக்குள்ளும் ஒழுங்குக்கு வழி உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதனினும் எளிய கருவி இல்லை.

நீள்வடிவ இல்லம்

இனிக் கஅபாவுக்கு வருவோம். இப்ராஹீம் (அலை), இஸ்மாயீல் (அலை) இருவரும் அந்த இல்லத்தின் அடித்தளங்களை உயர்த்தியதைப் பகரா அத்தியாயத்தின் 127ஆம் வசனம் கூறுகிறது. அளவுகளை அது கூறவில்லை. மக்காவின் வரலாற்றை எழுதிய அஸ்ரகீ தரும் விவரத்தின்படி, அன்றைய சுவர்களின் நீளம் முறையே 32, 22, 31, 20 முழம்; உயரம் 9 முழம். அதாவது, அது அகலத்தைவிட நீளம் மிகுந்த, உயரம் குறைந்த, கூரையற்ற கட்டடம். கனசதுரம் அன்று.

நபி (ஸல்) அவர்களுக்கு 35 வயது இருக்கும்போது, ஏறத்தாழ 605ஆம் ஆண்டில், குறைஷிகள் அதனை மீண்டும் கட்ட முடிவு செய்தனர். தீயாலும் வெள்ளத்தாலும் சுவர்கள் நலிவுற்றிருந்தன. உள்ளே இருந்த பொருள்கள் களவும் போயின. அவ்வேளையில் செங்கடற்கரையில் ரோமானிய வணிகர் ஒருவரின் கப்பல் உடைந்து ஒதுங்கியது. அதன் மரங்கள் கூரைக்காக வாங்கப்பட்டன.

பணி தொடங்குமுன் அவர்களிடையே ஓர் அறிவிப்பு எழுந்தது. இப்னு இஸ்ஹாக் பதிந்துள்ள செய்தியின்படி, தூய வருவாயைத் தவிர வேறெதனையும் இப்பணியில் சேர்க்கக் கூடாது. விபச்சாரக் கூலி, வட்டிப் பணம், பிறருக்கு அநீதி செய்து பெற்ற பொருள் எதுவும் வேண்டாம் என்று முடிவாயிற்று. எண்ணிப் பாருங்கள். அவர்கள் இஸ்லாத்தை ஏற்றவர்கள் அல்லர்; சிலைகளை வணங்கியவர்கள்; தம் வணிகத்தில் வட்டி வாங்கியவர்கள். எனினும் இறை இல்லத்துக்கு அந்தப் பணம் ஆகாது என்பதை அவர்களின் மனசாட்சி அறிந்திருந்தது.

விளைவு என்ன? வணிகத்தில் செழித்த மக்காவில் தூய பணம் போதவில்லை. ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக வரும் புகாரி, முஸ்லிம் ஹதீஸ்கள் இக்காரணத்தைத் தெளிவாகவே சொல்கின்றன. கையில் இருந்த பணத்துக்கு ஏற்ப அவர்கள் வடமேற்குப் பக்கத்தில் கட்டடத்தைச் சுருக்கினர். விடுபட்ட இடம் ஏறத்தாழ ஆறு முழம். இன்று அரைவட்டச் சுவருக்குள் நாம் காணும் ஹதீமில் அப்பகுதி அடங்கியுள்ளது. தவாஃப் செய்வோர் ஹதீமுக்குள் புகாமல் அதற்கு வெளியே சுற்றிவருவது இதனால்தான். நீளத்தைக் குறைத்த குறைஷிகள் உயரத்தை 9 முழத்திலிருந்து 18 முழமாக உயர்த்தினர். வாசலையும் தரையிலிருந்து மேலே தூக்கி வைத்தனர்.

பின்னர் ஹிஜ்ரி 64இல் உமைய்யாப் படையின் முற்றுகையால் கஅபா சேதமுற்றது. அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அதனைப் புதிதாகக் கட்டினார்கள். மக்கள் இஸ்லாத்துக்குப் புதியவர்களாக இல்லாதிருப்பின் கஅபாவை இப்ராஹீம் நபியின் அடித்தளத்தின் மீது இரு வாசல்களோடு கட்டியிருப்பேன் என்று நபியவர்கள் கூறியதைத் தம் சிறிய தாயார் ஆயிஷா (ரலி) வழியாக அறிந்திருந்த அவர்கள், அவ்வாறே விடுபட்ட பகுதியைச் சேர்த்தார்கள். உயரத்தை 27 முழமாக்கினார்கள். அவர்கள் ஷஹீதான பின் ஹிஜ்ரி 74 அளவில் ஹஜ்ஜாஜ் அந்த நீட்சியை இடித்து, தரையளவைக் குறைஷிகளின் நிலைக்கே கொண்டுவந்தார். உயரத்தை மட்டும் விட்டுவைத்தார். நபியவர்களின் கூற்று உறுதியானது என்பதைப் பிற்பாடு அறிந்த கலீஃபா அப்துல் மலிக் தம் ஆணைக்காக வருந்தினார் என்று முஸ்லிம் ஹதீஸ் நூல் கூறுகிறது.

1630இல் பெருவெள்ளத்தால் சுவர்கள் சரிந்தபோது உஸ்மானிய சுல்தான் நான்காம் முராதின் காலத்தில் மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடமும் இதே அளவைப் பின்பற்றியது. இன்று பக்கங்கள் ஏறத்தாழ 11 முதல் 13 மீட்டர், உயரம் ஏறத்தாழ 13 மீட்டர்.

ஆக, குறைஷிகள் சுருக்கிய தரையும் இப்னு ஸுபைர் உயர்த்திய சுவரும் சேர்ந்தே அந்த இல்லத்தைக் கனசதுரத்துக்கு அருகில் கொண்டுவந்தன. எந்தக் கணித வல்லுநரும் வரைந்து தந்த வடிவம் அன்று அது. ஹராமான பணத்தை ஒதுக்கியதால் ஏற்பட்ட குறை, உலக முஸ்லிம்கள் அனைவரும் அறிந்த வடிவமாக நிலைத்துவிட்டது.

கனசதுரமும் குவிமாடமும்

கஅபாவின் வடிவைப் பார்த்து உலகெங்கும் பள்ளிவாசல்கள் எழவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கஅபா திசையைத் தந்தது. வடிவத்தை அந்தந்த மண் தந்தது.

பாரசீகம், மத்திய ஆசியா, தக்காணம் ஆகிய இடங்களில் சதுர அறையின் மீது குவிமாடம் ஏற்றும் கலை வளர்ந்தது. சதுரத்தின் மூலைகளை வளைவுகளால் தாங்கி எட்டுப் பக்கமாக்கி, அதன்மேல் வட்டத்தை அமர்த்துவதே அதன் நுட்பம். 1656இல் மறைந்த முஹம்மது ஆதில்ஷாவின் அடக்கத்தலமான பீஜப்பூர் கோல்கும்பஸ் இதன் உச்சம். ஒரு பக்கம் 47.5 மீட்டர் கொண்ட கனசதுரத்தின் மேல் 44 மீட்டர் வெளிவிட்டமுள்ள குவிமாடம், நடுவில் ஒரு தூணும் இல்லாமல் நிற்கிறது.

தமிழகக் கடற்கரையில் நம் முன்னோர் வேறு வழி சென்றனர். கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் பழம் பள்ளிவாசல்கள் கல்தூண் மண்டபங்களாகவே அமைந்தன. தமிழ்க் கல்தச்சர் அறிந்த முறை அதுவே: நான்கு தூண்கள், அவற்றின் மேல் உத்தரங்கள், அதன் மேல் கற்பலகைக் கூரை. இக்கட்டத்தை அடுத்தடுத்துச் சேர்த்தால் மண்டபம் விரியும். உருவச் சிற்பங்களின் இடத்தில் பூக்கொடிகளும் வடிவியல் கோலங்களும் செதுக்கப்பட்டன. குவிமாடம் இல்லை என்பதால் அவை குறைவுபட்ட பள்ளிவாசல்கள் என்று எவரும் எண்ணவில்லை.

அந்த நான்கு தூண் கணக்கைப் புரிந்துகொள்ள நம் தேனி மாவட்டத்தார் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்ற ஓடைப்பட்டியின் பந்தல்களைப் பார்த்தாலே போதும். வரிசையாக நட்ட கல்தூண்கள், தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் இழுத்த கம்பிகள், அவற்றில் படரும் கொடிகள். நான்கு தூண்களுக்கு நடுவே நிற்பவர் சுவரில்லாத ஓர் அறைக்குள் நிற்கிறார். தூணை ஒரே அளவில் நட்டால்தான் கம்பி இழுவை தாங்கும் என்பதை உழவர் அறிவார். உத்தரம் பாரம் தாங்கும் என்பதைக் கல்தச்சர் அறிவார்.

அந்தத் தோட்டத்தில் நின்று தொழுபவரும் மேற்கே கம்பம் பள்ளத்தாக்கையும் எல்லை மலைத்தொடரையும் நோக்கி, மேற்கிலிருந்து ஏறத்தாழ 22 பாகை வடக்கே திரும்பி நிற்பார். ஏறத்தாழ 4,200 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அந்த இல்லத்தின் திசை அதுவே. மினாரா உயர்வதால் அத்தொலைவு குறைவதில்லை.

நாம் கட்டும்போது

இன்று நம் ஊர்களில் பழைய பள்ளிவாசல்களை இடித்துப் பெரிதாகக் கட்டும் ஆர்வம் மிகுந்துள்ளது. மக்கள் தொகை பெருகியிருக்கும் இடங்களில் அது தேவையே. ஆனால் பக்கத்து மஹல்லாவின் மினாராவைவிட நம் மினாரா உயர வேண்டும் என்ற எண்ணம் நுழையும்போது, நன்கொடை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி ஜமாஅத் கூட்டத்தில் மெல்ல மறைந்துவிடுகிறது. வட்டித் தொழிலில் ஈட்டியவர் தரும் பெருந்தொகையை மறுத்தால் பணி நின்றுவிடுமே என்ற அச்சம் நிர்வாகிகளுக்கு உண்டு. அந்த அச்சம் குறைஷிகளுக்கும் இருந்திருக்கும். அவர்கள் பணத்தை மறுத்தார்கள், கட்டடத்தைச் சுருக்கினார்கள்.

வீடு கட்டும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். இரண்டு அறை போதுமான இடத்தில் நான்கு அறைக்கு ஆசைப்பட்டு, வட்டிக் கடனில் சிக்கி, பல ஆண்டுகள் அமைதியை இழக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். ஹலாலான பணம் எங்கே முடிகிறதோ அங்கே சுவரை நிறுத்துவது இழுக்கன்று.

இரண்டாவது படிப்பினை, ஹஜருல் அஸ்வத் கல்லைப் பதித்த நிகழ்வில் உள்ளது. அந்தச் சிறப்பு யாருக்கு என்று குலங்கள் வாள் உருவும் நிலைக்கு வந்தபோது, நபியவர்கள் ஒரு துணியை விரித்துக் கல்லை அதில் வைத்து, ஒவ்வொரு குலத்தின் தலைவரையும் ஓர் ஓரத்தைப் பிடித்துத் தூக்கச் செய்தார்கள். பின்னர்த் தம் கையால் எடுத்து அதன் இடத்தில் பதித்தார்கள். அடிக்கல் நாட்டுவது யார், கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்று பிளவுபடும் ஜமாஅத்துகள் அந்தத் துணியை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் அறிவுரை. அப்பாஸியக் கலீஃபா ஒருவர் இப்னு ஸுபைரின் அமைப்பில் கஅபாவை மீண்டும் கட்ட விரும்பியபோது, அல்லாஹ்வின் இல்லத்தை மன்னர்களின் விளையாட்டுப் பொருளாக்கிவிட வேண்டாம் என்று இமாம் தடுத்தார்கள். மூல அடித்தளத்தை நிறைவு செய்யும் நல்ல நோக்கம் இருந்தும், ஒவ்வோர் ஆட்சியாளரும் இடித்துக் கட்டத் தொடங்கினால் மக்கள் உள்ளத்தில் அதன் கண்ணியம் குன்றும் என்று அஞ்சினார்கள். உறுதியாக நிற்கும் பழம் பள்ளிவாசலைப் புதுமைக்காக மட்டும் இடிக்க முனைவோர் இதனைச் சிந்திக்கலாம்.

ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ செல்லும் பேறு பெற்றோர், தவாஃபின்போது ஹதீமைச் சுற்றி வருகையில் அந்த வெற்றிடம் ஏன் அங்கே இருக்கிறது என்பதைத் தம் பிள்ளைகளுக்கும் சொல்லட்டும். நம் இல்லங்களையும் பள்ளிவாசல்களையும் தூய பொருளால் கட்டவும், அதில் குறைவதைக் குறையென எண்ணாதிருக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.