பனிக்கடலில் மறைந்தோர்

இறந்துபோனவருக்கு ஒரு நாள் உண்டு. ஆண்டுதோறும் அந்நாளில் அவரை நினைத்துத் திதி கொடுக்கிறோம். காணாமற்போனவருக்கோ நாளும் இல்லை, திதியும் இல்லை. அவருக்காக அழவும் முடிவதில்லை, அழாதிருக்கவும் முடிவதில்லை. வாயிற்கதவு அசையும்போதெல்லாம் வீட்டார் திரும்பிப் பார்க்கின்றனர். ஒருவர் மறைந்தாலே இந்நிலை என்றால், ஒரே பயணத்தில் 129 பேர் மறைந்தால் எப்படியிருக்கும்? அத்தகைய வரலாறு ஒன்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து அமெரிக்கக் கண்டத்தின் வடமுனையைச் சுற்றிப் பசிபிக் பெருங்கடலை அடைய ஒரு வழி உண்டா என்பது ஐரோப்பியர் நெடுங்காலமாகத் தேடிய கேள்வி. அதற்கு விடை காணப் பிரிட்டிஷ் கடற்படை 'எரிபஸ்', 'டெரர்' என்னும் இரு கப்பல்களை அனுப்பியது. 1845 மே 19ஆம் நாள் அவை தேம்ஸ் நதியிலிருந்து புறப்பட்டன. தலைவர் சர் ஜான் பிராங்கிளின், வயது 59. துணைநின்ற தளபதிகள் குரோஜியர், பிட்ஸ்ஜேம்ஸ் என்போர். பனியை எதிர்க்க முகப்பில் இரும்புத் தகடு, நீராவி இயந்திரம், மூன்றாண்டுகளுக்குப் போதுமான உணவு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் என்று, மனித அறிவு அக்காலத்தில் அளிக்கக்கூடிய யாவும் அவற்றில் இருந்தன. ஜூலை மாத இறுதியில் திமிங்கில வேட்டைக் கப்பலினர் சிலர் பாபின் விரிகுடாவில் அவற்றைக் கண்டனர். அதன்பின் ஐரோப்பியர் எவரும் அம்மாலுமிகளை உயிருடன் காணவில்லை.

ஆண்டுகள் கடந்தன. கப்பல்கள் திரும்பவில்லை. கண்டு மீட்போருக்கு 20,000 பவுன் பரிசு என்று அரசு அறிவித்தது. தேடுவதற்குக் கப்பலுக்குமேல் கப்பல் சென்றது. 1850இல் பீச்சித் தீவில் மூன்று கல்லறைகள் அகப்பட்டன. முதற் குளிர்காலத்தை அவர்கள் அங்கே கழித்தனர் என்பது தெளிவாயிற்று. ஆனால் அங்கிருந்து எத்திசையில் சென்றனர் என்பதற்கு ஒரு வரிக் குறிப்பும் அகப்படவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் இக்கதையைக் கூறி, "இவ்வாறு அவர்கள் மறைந்தனர், விடை காணாத புதிர் இது" என்று நான் முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, அந்தப் பக்கத்தில் யாருமே குடியிருக்கவில்லையா? அவர்களைக் கேட்கவில்லையா?" என்றாள். எனக்கு உடனே விடை சொல்ல வாய் வரவில்லை. அப்பனிநாடு பாழ்வெளியன்று. பழைய நூல்கள் எஸ்கிமோக்கள் என்று அழைத்த இனூயிட்டு மக்கள் பன்னூறு ஆண்டுகளாக அங்கு வாழ்ந்து வருகின்றனர். அவர்களை நான் என் பாடத்தில் சேர்க்கவே இல்லை. அன்று தொடங்கியே இவ்வரலாற்றை நான் மீண்டும் படிக்கலானேன்.

அவர்களைக் கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் ஜான் ரே என்னும் மருத்துவர். ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் ஊழியர். பனிவீடு கட்டவும், இனூயிட்டுகளைப் போல் வேட்டையாடிப் பயணம் செய்யவும் கற்றவர். 1854இல் அம்மக்கள் அவரிடம் ஒரு செய்தி கூறினர். வெள்ளையர் நாற்பது பேர் அளவில் படகொன்றை இழுத்துக்கொண்டு தெற்கு நோக்கிச் சென்றனர். பின்னர் பட்டினியால் மாண்டனர். இறுதியில் உயிர்வாழ வேறு வழியின்றி இறந்த தோழர்களின் ஊனையே உண்டனர் என்பதே அச்செய்தி. கப்பல் அதிகாரிகளின் வெள்ளிக் கரண்டிகளும், பிராங்கிளின் பெற்றிருந்த விருதுப் பதக்கமும் அம்மக்களிடம் இருந்தன. ரே அவற்றை விலைகொடுத்து வாங்கி லண்டனுக்குக் கொணர்ந்தார்.

அறிக்கை வெளியானதும் நாடே கொதித்தது. பிராங்கிளினின் மனைவி ஜேன் அம்மையார் அதை ஏற்க மறுத்தார். புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், தம் இதழில் அவ்வாண்டு டிசம்பரில் கட்டுரைகள் எழுதினார். ஆங்கிலக் கடற்படையினர் அத்தகைய செயலைச் செய்யார். நாகரிகமற்றோர் சொல்லை நம்பலாகாது. அவர்களே மாலுமிகளைக் கொன்றிருக்கவும் கூடும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இங்கே நாம் நடுநிலை பிறழாமல் நோக்கவேண்டும். ரே தாமே அவ்விடத்துக்குச் செல்லவில்லை. அவரிடம் கூறியவர்களும் நேரிற் கண்டவர் அல்லர். கண்டவர் சொல்லக் கேட்டவர்கள். ஆகவே ஐயம் எழுந்தது பிழையன்று. அந்த ஐயத்தை ஆராயாமல், ஒரு மக்களினத்தின்மீது பழியாகச் சுமத்தியதே பிழை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் மூத்தோர் வாக்கு. டிக்கன்ஸ் தீர விசாரிக்கவில்லை.

ஜேன் அம்மையார் மனந்தளரவில்லை. 'பாக்ஸ்' என்னும் சிறு கப்பலை வாங்கி மக்ளின்டாக் என்பவர் தலைமையில் 1857இல் அனுப்பினார். 1859இல் கிங் வில்லியம் தீவில், கற்குவியல் ஒன்றனருகே அக்குழுவினர் ஒரு தாளைக் கண்டெடுத்தனர். அதில் இரு குறிப்புகள் இருந்தன. முதலாவது 1847 மே 28ஆம் நாள் எழுதப்பட்டது. யாவரும் நலம் என்பது அதன் செய்தி. இரண்டாவது 1848 ஏப்ரல் 25ஆம் நாள், அதே தாளின் ஓரங்களில் சுற்றி எழுதப்பட்டது. 1846 செப்டம்பர் முதல் கப்பல்கள் பனியில் சிக்கியிருந்தன. பிராங்கிளின் 1847 ஜூன் 11ஆம் நாள் இறந்தார். அதுவரை 24 பேர் மாண்டனர். எஞ்சிய 105 பேரும் கப்பல்களை விட்டுத் தெற்கேயுள்ள ஆற்றை நோக்கி நடக்கின்றனர். அவ்வளவே.

மாணவர்களே, அத்தாளில் ஒரு சிறு பிழை உண்டு. பீச்சித் தீவில் குளிர்காலத்தைக் கழித்தது 1845-46இல். முதற் குறிப்போ 1846-47 என்று கூறுகிறது. எழுத்தறிவு மிக்க அதிகாரி, நிகழ்ந்த இடத்திலேயே இருந்துகொண்டு எழுதிய ஆவணத்திலும் ஆண்டு தவறிவிட்டது! எழுதப்பட்டது என்பதனாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே கேளுங்கள்.

கப்பலொன்று தெற்கே தங்கள் வேட்டைக் கடற்பகுதியில் வந்து மூழ்கியது என்று இனூயிட்டு முதியோர் கூறிவந்தனர். 1860களில் சார்லஸ் பிரான்சிஸ் ஹால் என்னும் அமெரிக்கர் இவ்வாய்மொழிகளைத் தொகுத்தார். பிற்காலத்தில் அவ்வினத்தைச் சேர்ந்த லூயி கமூகாக் என்னும் வரலாற்றறிஞர், முதியோர் கூறியவற்றைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். 2014 செப்டம்பரில் கனடா நாட்டு ஆய்வாளர்கள் 'எரிபஸ்' கப்பலைக் கண்டனர். அது சுமார் 11 மீட்டர் ஆழத்தில், வாய்மொழி சுட்டிய அதே கடற்பகுதியில் கிடந்தது. 2016 செப்டம்பரில், இனூயிட்டு வேட்டைக்காரர் ஒருவர் தாம் முன்பு பனியில் நீண்டிருக்கக் கண்ட கம்பம் ஒன்றைப் பற்றிக் கூறினார். அதன்வழிச் சென்றபோது 'டெரர்' கப்பலும் அகப்பட்டது.

ரே கொணர்ந்த கொடுஞ்செய்தி என்னவாயிற்று? கிங் வில்லியம் தீவில் எடுத்த எலும்புகளைச் சோதித்தவர்கள், 1997இல் வெளியிட்ட ஆய்வில், பல எலும்புகளில் கத்தியின் கீறல்கள் இருப்பதை எடுத்துக்காட்டினர். 2024இல், அத்தகைய கீறலுள்ள தாடையெலும்பு ஒன்று தளபதி பிட்ஸ்ஜேம்ஸினுடையது என்று மரபணுச் சோதனை உறுதிசெய்தது. அவருடைய உறவுவழியினர் ஒருவரின் மரபணுவோடு அது பொருந்தியது. 170 ஆண்டுகளுக்கு முன் பொய்யர் என்று பழிக்கப்பட்டவர்கள் சொன்னது மெய்யே. பசியால் மடிந்துகொண்டிருந்த அம்மாலுமிகளை இழிவாக எண்ண நமக்கு உரிமையில்லை. அவர்கள் துயரத்தை உள்ளவாறு கூறியவர்களை இழித்துரைத்தமைக்கே நாம் வருந்தவேண்டும்.

பிராங்கிளினுக்கு 1875இல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் நினைவுச் சின்னம் எழுந்தது. மெய் கூறிய ரேயின் பெயர் அங்கே பொறிக்கப்பட்டது 2014இல். 'எரிபஸ்' அகப்பட்ட அதே செப்டம்பர் மாதத்தில்.

இன்னும் எல்லாம் விளங்கிவிடவில்லை. பிராங்கிளினின் கல்லறை அகப்படவில்லை. பேரழிவுக்குத் தகரப் பெட்டி உணவின் ஈயம் காரணம் என்று 1980களில் சிலர் கருதினர். பின்வந்த ஆய்வுகள் அதனை ஐயுற்றன. தேடல் தொடர்கிறது.

அன்று என்னை வினவிய மாணவி இப்போது எங்கிருக்கிறாளோ, அறியேன். அவள் வினாவை மட்டும் உங்களிடம் ஒப்படைக்கிறேன். எந்த வரலாற்று நூலை எடுத்தாலும், விடை காணாத புதிர் என்று அது எங்கே முடிகிறதோ, அங்கே சற்று நின்று கேளுங்கள்: அந்தப் பக்கத்தில் யாருமே குடியிருக்கவில்லையா?