எந்தப் பக்கம் கை தட்டுவது?

மைதானத்தில் ஆடுவோர் சிலர். சுற்றி நின்று ஆரவாரிப்போர் ஆயிரக்கணக்கினர். ஆடினவர் சரித்திரம் ஏட்டில் ஏறிவிடுகிறது. ஆரவாரித்தவர் சரித்திரத்தை எழுதுவார் அரியர். நோட்டன் பிரிட்ஜ் வாசிகளாகிய எமக்கோ அதில் தனி அக்கறை உண்டு. இந்தியாவும் இலங்கையும் மோதும் நாளில், "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று எம்மைக் கேளாதார் யார்?

பிரித்தானியாவில் நோர்மன் டெபிட் என்னும் அரசியல்வாதி 1990ஆம் ஆண்டில் அங்கு குடியேறிய ஆசிய மக்களை நோக்கி இதே வினாவை எழுப்பினார். எந்த அணிக்குக் கை தட்டுகிறார்கள் என்பதைக் கொண்டு அவர்தம் விசுவாசத்தை அளக்கலாமாம்! 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பங்கிடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது வெறும் விளையாட்டு வினாவன்று.

விசுவாசம் மிகுந்த கூட்டம் என்ன செய்யும் என்பதை 1996 மார்ச் 13ந் தேதி கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் உலகம் கண்டது. உலகக் கிண்ண அரையிறுதி ஆட்டம் அது. இலங்கை எடுத்த ஓட்டங்கள் 251. இந்தியா ஒரு விக்கட்டுக்கு 98 என்றிருந்தவரை மைதானம் திருவிழாக் கோலம் பூண்டிருந்தது. டெண்டுல்கர் 65இல் வீழ்ந்தார். அப்பால் விக்கட்டுகள் மளமளவென்று சரிந்தன. 8 விக்கட்டுக்கு 120 என்றானதும் புட்டிகள் பறந்தன. ஆசனங்களில் தீ மூண்டது. மத்தியஸ்தர் கிளைவ் லொயிட் ஆட்டத்தை நிறுத்தி வெற்றியை இலங்கைக்கு அளித்தார். வினோத் காம்ப்ளி கண்ணீர் வடித்தபடி வெளியேறினார். அக்கூட்டம் அவமதித்தது இலங்கையரையன்று, தன் சொந்த வீரரையே என்பது எம் எண்ணம்.

சென்னைச் சேப்பாக்கத்தில் 1999இல் நடந்ததோ வேறு. 1987க்குப் பின் பாகிஸ்தான் அணி இந்திய மண்ணில் டெஸ்ட் ஆட வந்திருந்தது. எதிர்ப்பாளர் டில்லி மைதானத்து ஆடுகளத்தையே தோண்டிப்போட்ட காலம். ஜனவரி 31ந் தேதி. வெற்றிக்கு வேண்டியவை 271 ஓட்டங்கள். முதுகு நோவைப் பொறுத்துக்கொண்டு டெண்டுல்கர் 136 அடித்தார். அவர் ஆட்டமிழந்தபோது தேவை 17 மாத்திரமே. எஞ்சிய மூவரும் 4 ஓட்டங்கள் சேர்வதற்குள் மடிந்தனர்! 12 ஓட்டங்களில் தோல்வி. சிறிது நேரம் மயான அமைதி. பின்பு கூட்டம் எழுந்தது. எழுந்து நின்று பாகிஸ்தானியருக்குக் கை தட்டிற்று. வசீம் அக்ரமும் தோழர்களும் மைதானத்தை வலம் வந்து அம்மரியாதையை ஏற்றனர். (டெபிட் துரை அன்று அங்கிருந்தால் சென்னைவாசிகளை எந்நாட்டுக் கணக்கில் சேர்த்திருப்பாரோ!)

இவ்வளவு பக்குவம் எல்லா ஊர்க் கூட்டத்துக்கும் வாய்ப்பதில்லை. அவுஸ்திரேலியாவில் முத்தையா முரளிதரன் பந்து வீசும்போதெல்லாம் "நோ போல்" என்று கூவி வதைத்தனர். தேயிலைத் தோட்ட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரன் அவர்.

அவருடைய கடைசி டெஸ்ட் காலியில் 2010 ஜூலை 22ந் தேதி முடிவுற்றது. எதிரணி இந்தியா. 800க்கு ஒரு விக்கட் குறை. மைதானத்தில் இடமின்றிக் கோட்டை மதில்மேலும் சனம். பிரக்யான் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்து மகேல ஜயவர்தன கையில் விழுந்தது. நாம் அப்போது சிறுபிள்ளைகள். லயத்துத் தொலைக்காட்சியின் முன் எந்தப் பக்கம் என்று யோசியாமலே துள்ளினோம்.