வாசலில் சொல்லப்பட்ட தீர்ப்பு: பினாங்குப் போரியாவும் ரசிகர் விமர்சனத்தின் வரலாறும்

ஒரே பாட்டை ஒவ்வோர் இரவும் வேறு விதமாகப் பாடும் குழுவுக்கு வாய்க்கும் ரசிகர் தனி வகை. பாட்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்பதோடு அவர் நிற்பதில்லை. எந்த இரவில், எந்த ஊரில், எந்த மேடையில் அது கூடிவந்தது என்று கேட்கிறார். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு 1965 முதல் 1995 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தது. 1984இல் ஒலிப்பதிவு செய்யும் ரசிகர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் அக்குழு செய்த கச்சேரியின் பதிவு 2011இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் ஏறியது. அந்த இரவு உயர்ந்தது என்ற தீர்ப்பை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நாடாக்களைக் கைமாற்றிக்கொண்ட ரசிகர்கள் சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டில் இதே வேலையை அச்சு செய்தது. 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. 1930களில் கல்கி, 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதி, மனோதர்மத்தை, அதாவது மேடையிலேயே எழும் கற்பனையை, நம்பிப் பாடும் வித்வானின் நேற்றைய கச்சேரியை இன்று பொதுவில் எடைபோடும் வழக்கத்தை நிலைநாட்டியது. பர்மாவில் வளர்ந்த விமர்சகர் சுப்புடு அந்த வழக்கத்தைக் கூர்மையாக்கினார். ஒலிநாடா ஒரு வழி, பத்திரிகை இன்னொரு வழி. மலேசியாவின் பினாங்கில், வேடமும் பாட்டுமாகக் குழுக்கள் வீடு வீடாகச் சென்று நிகழ்த்திய போரியாவைச் சுற்றி, இவை இரண்டையும் சாராத மூன்றாவது வழி ஒன்று வளர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். அங்கே ரசிகரின் விமர்சனம் வீட்டு வாசலிலும் தெருவிலும், கொடுத்த பணத்திலும் கொடுக்க மறுத்த பணத்திலும், அணி சேர்ந்து செய்த போட்டியிலும் வெளிப்பட்டது. தாளில் ஏறி நமக்கு எளிதில் கிடைப்பவையோ பெரும்பாலும் ரசிகர் அல்லாதோரின் எழுத்துகள். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதப்படும் வரலாறு, போரியாவுக்கு ரசனை மரபே இல்லாதது போன்ற தோற்றத்தைத் தந்துவிடுகிறது.

போரியாவின் தொடக்கம் பற்றி இன்றும் எடுத்துக்காட்டப்படும் பழைய குறிப்பு, ஆசியச் சங்கத்தின் நீரிணைக் கிளை இதழில் 1897இல் ஹாட்டன் எழுதியது. 1845இல் பினாங்கில் தங்கியிருந்த மதராஸ் 21ஆம் படைப்பிரிவின் முஸ்லிம் சிப்பாய்களுக்கு மொகரத்துக்காகப் பத்து நாள் விடுப்பு கிடைத்ததென்றும், பாய்களை உடுத்திக்கொண்டு வீடு வீடாகச் சென்று மொகரம் நினைவுகூரும் கர்பலாத் துயரைப் பாடினார்களென்றும் அது சொல்கிறது. ஒரே படைப்பிரிவிலிருந்து ஒரு கலை முளைத்தது என்பதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பிருந்தே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களும் கப்பற்காரர்களும் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் குடியேறியிருந்தார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் நாகூர் ஆண்டவர் பெயரிலான தர்காவும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தவை. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளும் அங்கே பெருந்தொகையாக இருந்தார்கள். மொகரத்தில் புலி வேடம் கட்டுவதும் பஞ்சா என்ற கை வடிவச் சின்னத்தை எடுப்பதும் தமிழ்நாட்டு ஊர்களில் பழகிய காட்சிகள். வேடத்தோடும் பாட்டோடும் தெருவில் வரும் கூட்டத்தை எப்படிப் பார்ப்பது, யாருக்குக் காசு கொடுப்பது என்று அறிந்த கண்கள் பினாங்கில் ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும். ஹாட்டனின் குறிப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது படைப்பிரிவின் எண்ணைவிட 'வீடு வீடாக' என்ற செய்திதான்.

வீடு வீடாகச் செல்லும் கலை தன் விமர்சகரை ஒவ்வொரு வாசலிலும் நேருக்கு நேர் சந்திக்கிறது. தமிழ் முஸ்லிம் ஆண்களும் மலாய்ப் பெண்களும் மணந்த குடும்பங்களில் வந்த ஜாவிப் பெக்கான் மக்களிடையே மலாய் மொழிக்கு மாறிய போரியா, படிப்படியாகத் துயர்ப்பாட்டின் தன்மையை விட்டு இரவுக் கேளிக்கையாயிற்று. முதலில் சிறு நகைச்சுவைக் கூத்து, பிறகு பாட்டு. பாட்டை நடத்துபவர் 'துக்காங் காராங்', அதாவது பாட்டுக் கட்டுபவர். அவர் நான்கடி பாடுவார். அடியீறுகளில் இயைபு அமைய வேண்டும். அவருக்குப் பின்னால் கப்பற்காரர் உடையிலோ வேறு வேடத்திலோ வரிசையாக நிற்கும் கூட்டம் பல்லவியைத் திருப்பிப் பாடி ஆடும். அந்தப் பல்லவி நீளும் நேரத்தில்தான் அடுத்த நான்கடி அவர் மனத்தில் உருவாக வேண்டும். வீட்டுக்காரரின் பெயர், அவர் தொழில், ஊரில் நடந்த செய்தி, அன்று மாலை வேறு தெருவில் போட்டிக் குழுவுக்கு நேர்ந்த சறுக்கல் என்று எதுவும் அதற்குள் வரலாம். வீட்டுக்காரரின் பெயருக்கு இயைபு கிடைக்காமல் பாட்டுக் கட்டுபவர் திணறினால் பல்லவி இன்னொரு சுற்று போகும். முற்றத்தில் நிற்பவர்களுக்கு அது உடனே புரிந்துவிடும். திணறாமல் வந்தால் பணம் வரும், பக்கத்து வீட்டிலிருந்து அழைப்பும் வரும். பிடிலும் முழவும் முழங்கிய காலத்திலும், பிறகு ரும்பா, சாச்சா தாளங்கள் புகுந்து கிட்டாரும் அக்கார்டியனும் சேர்ந்த காலத்திலும் இந்த அமைப்பு மாறவில்லை. சென்னைச் சபாவில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் கச்சேரி பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம், அல்லது வார இதழ் வரும்வரை காத்திருக்கலாம். போரியாவில் தீர்ப்புக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே அந்த இடைவெளி இல்லை. கேட்பவரின் மதிப்பீடு அடுத்த நான்கடியின் உருவத்தையே மாற்றிவிடுகிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். போரியாவைச் சுற்றி நின்றவர்கள் ரசிகர்களா, கட்சிக்காரர்களா? 1867 ஆகஸ்டில் பத்து நாட்களுக்கு மேல் ஜார்ஜ் டவுனைக் கலக்கிய கலவரத்தில், அங்கிருந்த முஸ்லிம்களின் இரு அணிகளில் வெள்ளைக் கொடியார் கீ ஹின் சீனச் சங்கத்தோடும், செங்கொடியார் தோ பே கோங் சங்கத்தோடும் சேர்ந்து மோதினார்கள். இந்த இரு கொடிகளுக்கும் மொகர ஊர்வலக் கூட்டங்களோடு நெருங்கிய உறவு இருந்தது. 1868இல் விசாரணைக் குழு அறிக்கை வந்தது. 1869இல் ஆபத்தான சங்கங்களை ஒடுக்கும் சட்டம் வந்தது. தெருவுக்குத் தெரு பிரிந்து நின்றவர்கள் தம் குழுவைப் புகழ்வதும் எதிர்க்குழுவை இகழ்வதும் ரசனை ஆகுமா என்று கேட்பது நியாயமே. பற்று மதிப்பீட்டைக் கோணலாக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இகழ்வதற்கும் அளவுகோல் வேண்டும். எதிர்க்குழுவின் பாட்டுக் கட்டுபவர் எங்கே இயைபைத் தவறவிட்டார், எந்தச் செய்தியைப் பழையதாகப் பாடினார், யாருடைய வேடம் போன ஆண்டின் வேடம் என்று சுட்டிக்காட்ட முடியாத இகழ்ச்சிக்குத் தெருவில் மதிப்பில்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இலக்கணம் ஒன்று இல்லாவிட்டால் போட்டியே சாத்தியமில்லை. வித்வான்களில் அரியக்குடியா, செம்மங்குடியா என்று சென்னையில் பிரிந்து வாதாடியவர்களை எவரும் ரசிகர் அல்லர் என்று தள்ளியதில்லை. கொடி பிடித்தவர்களுக்கு அந்தச் சலுகையை மறுக்கக் காரணம் தெரியவில்லை.

எழுதப்பட்ட சான்றுகளுக்கு வருவோம். ஹாட்டனின் குறிப்பு, விநோதமான வழக்கம் ஒன்றைப் பதிவு செய்யும் காலனியப் பார்வை. 1922இல் பினாங்கில் முகம்மது யூசோப் பின் சுல்தான் மைதீன் வெளியிட்ட மலாய் நூலின் தலைப்பு, போரியாவும் அதனால் வரும் கேடுகளும் என்ற பொருளைத் தருவது. அதற்குப் பின் சையது ஷேக் அல்-ஹாதி 1926இல் 'அல்-இக்வான்' இதழையும் 1928இல் 'சௌதாரா' பத்திரிகையையும் பினாங்கிலிருந்து கொண்டுவந்தார். அவரைச் சேர்ந்த 'கௌம் மூடா' சீர்திருத்தக்காரர்களின் கண்ணில் போரியா மார்க்கத்துக்கு ஒவ்வாதது. வீண் செலவுக்கும் ஒழுக்கக் கேட்டுக்கும் வழி. ஆக, போரியாவைப் பற்றி எழுதியவர்கள் அதை நேசித்தவர்கள் அல்லர். நேசித்தவர்கள் எழுத வேண்டிய தேவையை உணரவில்லை. அச்சு வசதி இல்லாததால் இப்படி நேர்ந்தது என்று சொல்ல முடியாது. நாகூர் குலாம் காதிறு நாவலர் 1880களிலேயே பினாங்கில் 'வித்தியா விசாரிணி' என்ற தமிழ் இதழை நடத்தினார். அச்சு இருந்தது, எழுதத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். தீர்ப்பு வாசலிலேயே நிறைவேறிவிட்டதால் அதைத் தாளுக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் எழவில்லை என்பதே என் விளக்கம். சென்னையில் நிலை நேர்மாறு. அங்கே பாடகரும் கேட்பவரும் மேடையால் பிரிக்கப்பட்டார்கள். அந்தப் பிரிவை இட்டு நிரப்பக் கல்கியின் பேனா தேவைப்பட்டது.

சீர்திருத்தக்காரர்களின் கண்டனத்தை ரசிகருக்கு எதிரான வாக்குமூலம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. தவறான செலவு என்று ஒருவர் குறைகூறினால், யாரோ மனமுவந்து செலவு செய்திருக்கிறார்கள். இரவெல்லாம் அலைகிறார்கள் என்றால், ஒரு குழுவை ஒரு வாசலில் கேட்டது போதாமல் அடுத்த வாசலுக்கும் அதன் பின்னாலேயே போயிருக்கிறார்கள். நேற்றுப் பாடியது இன்று பாடப்படாது என்ற அறிவு இல்லாதவர் அப்படிப் போகமாட்டார். எதிர்ப்பாளர் பதிவு செய்த நடத்தையை அவர் சொன்ன காரணத்திலிருந்து பிரித்தெடுத்தால், ரசிகரின் ஈடுபாடு எவ்வளவு ஆழமானது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

இன்னொரு மறுப்பையும் பார்க்க வேண்டும். பாட்டுக் கட்டுபவர்கள் பலர் முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்தார்கள். அதை எப்படி மனோதர்மத்தோடும் கிரேட்ஃபுல் டெட்டின் நீண்ட வாசிப்போடும் ஒப்பிடலாம் என்பது அது. எழுதி வந்த அடிகள் இருந்தன என்பது உண்மை. பிற்காலப் போட்டிகளில் அதுவே வழக்கமாயிற்று. ஆனால் எந்த மரபில்தான் வெறுங்கையோடு மேடை ஏறுகிறார்கள்? ராக ஆலாபனைக்குப் பிடிகள் உண்டு, நிரவலுக்கு எடுத்த வரி உண்டு. கையிருப்பை இந்த வாசலுக்கு, இந்த நேரத்துக்கு ஏற்ப எப்படிப் பொருத்துகிறார் என்பதில்தான் வித்வானின் தரம் தெரிகிறது. போரியாவிலும் கேட்டவர்கள் எடைபோட்டது அந்தப் பொருத்தத்தைத்தான்.

20ஆம் நூற்றாண்டில் இந்த அமைப்பு மெல்ல மேடைக்கு நகர்ந்தது. போட்டிகள் பெருகின, நடுவர்கள் வந்தார்கள், பிறகு வானொலியும் தொலைக்காட்சியும் வந்தன. நாட்டு விடுதலைக்குப் பின் அரசுப் பிரச்சாரக் கருத்துகள் பாடுபொருளாயின. 1987இல் வெளிவந்த ரஹ்மா புஜாங்கின் நூல் போரியாவை மலாய் நாடக வடிவமாக ஆராய்ந்தபோது, அது ஏற்கெனவே மேடைக் கலை ஆகியிருந்தது. இந்த மாற்றத்தை நான் முழு இழப்பு என்று சொல்லமாட்டேன். அணிப்பற்றால் கோணிய தீர்ப்பை நேராக்க வெளியாள் ஒருவர் தேவைப்பட்டார்; அந்தத் தேவையின் விடைதான் நடுவர். ஆனால் கூத்து, உடை, குரல், செய்யுள் எனக் கூறுகளாகப் பிரித்து எடைபோடும் நடுவருக்கு, வீட்டுக்காரரின் பெயர் பாட்டில் வந்து விழும் கணத்துக்கு மதிப்பெண் போட இடமில்லை. மேடையில் அந்த வீட்டுக்காரரே இல்லை. போரியா உயிரோடு இருக்கிறது. அதன் பழைய விமர்சகருக்குத்தான் வேலை போய்விட்டது.

வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லும் அந்த ரசிகர் பினாங்கை விட்டுப் போய்விடவில்லை. இன்று அவரைப் பார்க்க வேண்டுமானால் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் உறுமி மேளக் குழுக்களுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். போரியாவிலிருந்து உறுமி மேளம் வந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டும் வேறு சமயத்தவை, வேறு மொழியினவை, வேறு வழியில் வந்தவை. ஒரே ஊரின் தெருவில், ஊர்வலம் என்ற ஒரே சூழலில், ஒரே வகையான கேட்போர் உருவாகிறார்கள் என்பதே நான் சொல்வது. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள், அது உறுமுகிறது. மறு முகத்தை நேர்க்குச்சியால் அடிக்கிறார்கள். ஒரே நிறச் சட்டையணிந்த இளைஞர்கள் காவடி எடுப்பவரைச் சுற்றி நின்று, அவருக்கு அருள் வரும்வரை அடியை நீட்டுகிறார்கள். வராவிட்டால் பாட்டை மாற்றுகிறார்கள். மலையடிவாரத்தில் அவர் தளர்ந்தால் நடையை விரைவாக்குகிறார்கள். எவ்வளவு நேரம் வாசிப்பது என்பதை எந்த நிகழ்ச்சி நிரலும் தீர்மானிப்பதில்லை. காவடிக்காரரின் கால்கள் தீர்மானிக்கின்றன. கூடி நிற்பவர்கள் எந்தக் குழு அடித்தபோது அருள் சீக்கிரம் வந்தது, எந்தக் குழு சத்தம் மட்டும் போட்டது என்று அங்கேயே பேசித் தீர்க்கிறார்கள்.

எழுத்து இங்கும் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலிருந்தே வருகிறது. சினிமா மெட்டு வேண்டாம், பக்திப் பாடல் மட்டுமே ஒலிக்க வேண்டும் என்ற அறிவுரைகள் தைப்பூசம் வரும்போதெல்லாம் வருகின்றன. சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் தடை செய்யப்பட்டிருந்தன; 2016இல்தான் வழியில் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அந்தக் கட்டுப்பாட்டை ஒழுங்கு என்று பாராட்டுவோர் உண்டு. காவடியின் நடையோடு சேர்ந்து நீளவும் சுருங்கவும் வேண்டிய மேளத்தை ஓரிடத்தில் நிறுத்தினால், அது காவடிக்காரருக்காக வாசிப்பதை நிறுத்திவிட்டு வருவோர் போவோருக்குக் கச்சேரி செய்யத் தொடங்குகிறது. எலிசபெத் ஃபுல்லர் காலின்ஸ் பினாங்குத் தைப்பூசத்தைப் பற்றி 1997இல் வெளியிட்ட ஆய்வு, சடங்கின் பின்னுள்ள அதிகாரத்தையும் சமூகப் படிநிலையையும் நுணுகிப் பார்த்தது. தைப்பூச ஆய்வுகள் பொதுவாகப் போகும் வழியும் அதுதான். மேளத்தைக் கேட்டு நிற்பவரின் செவியை அவை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. மலேசியத் தமிழ் இசை வரலாற்றை எழுத முனைவோர், கண்டனத் தீர்மானங்களையும் நிருவாக அறிக்கைகளையும் திரட்டுவதோடு, சாலையோரம் நிற்பவர்கள் ஒரு குழுவை உயர்த்தியும் மற்றதைத் தாழ்த்தியும் சொல்லும் காரணங்களை அவர்கள் சொல்லும் சொற்களிலேயே பதிய வேண்டும். போரியாவுக்கு 1922இல் அதைச் செய்ய ஆளில்லை. உறுமிக்கு இன்னும் காலம் இருக்கிறது. அடித்தவர்களும் கேட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.