சதுப்பில் விழுந்த விமானம்: 1999 அட்லாண்டிக் நிகழ்வும் சர் கிரீக் எல்லையும்

குஜராத்தின் கட்ச் மாவட்டத்துக்கும் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துக்கும் இடையே, அரபிக் கடலிலிருந்து ஏறத்தாழ 96 கிலோமீட்டர் உள்வாங்கிக் கிடக்கும் உப்பங்கழிக்கு சர் கிரீக் என்று பெயர். ஓதம் ஏறும்போது நீர்ப்பரப்பாகவும் வடியும்போது சேற்றுப் பரப்பாகவும் மாறும் இந்த நிலத்தில், அலையாத்திப் புதர்களையும் உப்புப் படிந்த திட்டுகளையும் தவிர அடையாளம் சொல்ல வேறொன்றும் கிடையாது. 1999 ஆகஸ்ட் 10 அன்று பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் விமானத்தை இந்திய விமானப்படை இப்பகுதியின் வான்வெளியில்தான் சுட்டு வீழ்த்தியது. விமானத்தில் இருந்த 16 பேரும் இறந்தனர். கார்கில் போர் முடிந்து பதினைந்து நாள்களே ஆகியிருந்த நிலையில், அணு ஆயுதம் கொண்ட இரு நாடுகளை மீண்டும் மோதலின் விளிம்புக்குக் கொண்டுசென்ற இந்நிகழ்வின் வேர், அதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் விறகு பொறுக்குவதில் எழுந்த ஒரு வழக்கில் இருக்கிறது.

1908ஆம் ஆண்டில், கழியோரத்தில் விறகு சேகரிக்கும் உரிமை யாருடையது என்பதில் கட்ச் சமஸ்தானத்தின் ராவ் எனப்பட்ட அரசருக்கும், அன்று பம்பாய் மாகாணத்தின் பகுதியாக இருந்த சிந்துவின் நிர்வாகத்துக்கும் தகராறு ஏற்பட்டது. இரு தரப்பையும் கேட்டு பம்பாய் அரசு 1914இல் பிறப்பித்த தீர்மானமே இன்றுவரை இரு நாடுகளும் எடுத்துக்காட்டும் மூல ஆவணமாகும். அதன் ஒரு பத்தியும் அதனுடன் இணைந்த வரைபடத்தில் பச்சை நிறத்தில் தீட்டப்பட்ட கோடும் எல்லையைக் கழியின் கிழக்குக் கரையில் வைக்க, அடுத்த பத்தியோ நடு நீரோட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. பாகிஸ்தான் முதலாவதைப் பற்றிக்கொண்டு கழி முழுவதும் தன்னுடையது என்கிறது. ஆற்றெல்லை, கலம் செல்லத்தக்க ஆழ்நீர்த்தடத்தின் நடுவே செல்ல வேண்டும் என்ற, தால்வெக் எனப்படும் சர்வதேசக் கோட்பாட்டை இரண்டாவது பத்தியில் காணும் இந்தியா, பாதிக் கழி தனக்குரியது என்கிறது. கழியின் தலைப்பிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் நிலப்பகுதிக்கு 1924இல் எல்லைத் தூண்கள் நடப்பட்டன; கழிக்குள் அவ்வாறு எதையும் நட இயலவில்லை. ஒரே அரசின் கீழ் இருந்த இரு நிர்வாகங்களுக்கு அந்தத் தெளிவின்மை பெரிய சிக்கலாக இருந்திருக்காது. 1947இல் அதே கோடு இரு நாடுகளின் எல்லையாயிற்று.

1965 ஏப்ரலில் கட்ச் ரண் என்னும் உவர்ச் சதுப்பில் நடந்த சண்டைக்குப் பின், பிரிட்டனின் முயற்சியால் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அமைந்த மூவர் தீர்ப்பாயம் 1968 பிப்ரவரி 19 அன்று தன் முடிவை அறிவித்தது. பாகிஸ்தான் கோரிய பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அதற்குக் கிடைத்தது. சர் கிரீக் தீர்ப்பாயத்தின் முன் வைக்கப்படவே இல்லை.

இவ்விரு நாடுகளுக்கிடையே போர் நடவாத காலத்தில் விமானம் வீழ்த்தப்பட்டது 1999இல் முதன்முறையன்று. 1959 ஏப்ரல் 10 அன்று, ஈத் பெருநாளில், ராவல்பிண்டிப் பகுதிக்கு மேல் படமெடுக்கச் சென்ற இந்திய விமானப்படையின் கான்பெரா விமானத்தை பாகிஸ்தானின் சேபர் விமானம் சுட்டது. குதித்துத் தப்பிய இருவரும் பிடிபட்டுப் பின்னர் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டனர். 1965 செப்டம்பர் 19 அன்று, போர்க்காலத்தில், கட்ச் கடற்கரையருகே சுட்டு வீழ்த்தப்பட்டதோ ஒரு சிறு பயணிகள் விமானம். குஜராத் முதலமைச்சர் பல்வந்த்ராய் மேத்தா உட்பட எட்டுப் பேர் அதில் இறந்தனர். பஞ்சாயத்து ராஜ் அமைப்புக்கு வித்திட்ட குழுவின் தலைவராகப் பாடநூல்களில் இடம்பெறும் மேத்தாவின் முடிவு இதே எல்லையோரத்தில் நேர்ந்தது என்பது பலருக்கும் நினைவில் இருப்பதில்லை.

இத்தகைய நிகழ்வுகளைத் தவிர்க்கவே 1991 ஏப்ரல் 6 அன்று புது தில்லியில் வான்வெளி மீறல் தடுப்பு உடன்பாடு கையெழுத்தானது. போர் விமானங்கள் மற்ற நாட்டின் வான்வெளிக்கு 10 கிலோமீட்டருக்குள் பறக்கலாகாது என்று அது விதித்தது; குண்டுவீச்சு, வேவு, ஜெட் பயிற்சி விமானங்களும் ஆயுதம் தாங்கிய ஹெலிகாப்டர்களும் இவ்வகையில் சேர்க்கப்பட்டன. ஆயுதமற்ற போக்குவரத்து விமானங்கள் மட்டும் 1,000 மீட்டர் வரை நெருங்கலாம். தவறுதலாக மீறல் நேர்ந்தால் உடனே விசாரித்து மறுதரப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. தெளிவாக எழுதப்பட்ட உடன்பாடுதான். ஆனால் பத்துக் கிலோமீட்டர் என்பதை எந்தக் கோட்டிலிருந்து அளப்பது என்ற கேள்விக்கு, சர் கிரீக் பகுதியைப் பொறுத்தவரை, இரு நாடுகளிடமும் ஒரே விடை இருக்கவில்லை.

அட்லாண்டிக் என்பது நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடவும் கடற்பரப்பைக் கண்காணிக்கவும் பிரான்சின் பிரெகே நிறுவனம் உருவாக்கிய, இரண்டு சுழல்விசிறி எஞ்சின்கள் கொண்ட விமானம். கராச்சியின் மெஹ்ரான் கடற்படைத் தளத்திலிருந்து அன்று காலை புறப்பட்ட விமானத்தை இந்திய ரேடார் கண்டதும், கட்ச் மாவட்டத்தின் நலியா தளத்திலிருந்து இரண்டு மிக்-21 விமானங்கள் எழும்பின. அவற்றுள் ஒன்று ஏவிய, எஞ்சினின் வெப்பத்தை நாடிச் செல்லும் ஏவுகணை அட்லாண்டிக்கின் எஞ்சினைத் தாக்கியது. விமானம் இந்திய வான்வெளிக்குள் நுழைந்ததென்றும், இடைமறித்தபோது கட்டுப்படாமல் பகைமையாக நடந்துகொண்டதென்றும் இந்தியா கூறியது. ஆயுதமின்றிப் பயிற்சிக்காகப் பறந்ததென்றும், தன் எல்லைக்குள்ளேயே தாக்கப்பட்டதென்றும் பாகிஸ்தான் கூறியது. வேவு விமானமா, பயிற்சிப் பறப்பா என்பதைப் பொறுத்தே 1991 உடன்பாட்டின் எந்த விதி பொருந்தும் என்பது அமையும் என்பதால், இரு தரப்பின் சொல்தேர்வும் அந்த ஆவணத்தை ஒட்டியே இருந்ததை எளிதில் காணலாம்.

அதன் பிறகு சிதைவுகளே சான்றாயின. எல்லையை ஒட்டிய சேற்றில் சிதறிக் கிடந்த உலோகத் துண்டுகளில் சிலவற்றை இந்திய ஹெலிகாப்டர்கள் எடுத்துச் சென்றன. அவை இந்திய மண்ணில் விழுந்தவை என்று தில்லி காட்டியது, அவை தன் மண்ணுக்குள் வந்து எடுக்கப்பட்டவை என்று இஸ்லாமாபாத் குற்றஞ்சாட்டியது. உயரத்தில் தாக்கப்பட்ட விமானம் எங்கே தாக்கப்பட்டது என்பதை, அது எங்கே விழுந்தது என்பது ஒருபோதும் உறுதியாகச் சொல்லாது. ஆயினும் வாதம் முழுவதும் விழுந்த இடத்தைச் சுற்றியே நடந்தது. மறுநாள் செய்தியாளர்களை அழைத்துச் சென்ற இந்திய ஹெலிகாப்டர்கள் அப்பகுதியை நெருங்கியபோது பாகிஸ்தான் தரப்பிலிருந்து, தரையிலிருந்து வானை நோக்கிப் பாயும் ஏவுகணை ஒன்று ஏவப்பட்டது. அது இலக்கைத் தவறியது. தவறியிராவிட்டால் நிகழ்வு எங்கே போய் நின்றிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

சுமார் 6 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு கோரி, அது மறுக்கப்பட்டபின், பாகிஸ்தான் 1999 செப்டம்பர் 21 அன்று ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தை அணுகியது. ஒரு நாட்டின் ஒப்புதல் இல்லாமல் அதன்மீது வழக்கு நடத்த அந்நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பதால், இந்தியா உண்மைகளுக்குள் புகாமல் அதிகார வரம்பையே எதிர்த்தது. காமன்வெல்த் நாடுகளுடனான வழக்குகளை 1974ஆம் ஆண்டின் ஏற்பு அறிவிப்பிலேயே தான் விலக்கியிருப்பதாக அது சுட்டிக்காட்டியது. அந்த அறிவிப்பு வெளியான நாளில் பாகிஸ்தான் காமன்வெல்த்தில் இல்லை. 1972இல் வெளியேறி 1989இல்தான் திரும்பி வந்தது. ஆனால் அந்த விலக்கு, உறுப்பினராக இருக்கும் நாடுகளோடு, முன்பு உறுப்பினராக இருந்த நாடுகளையும் உள்ளடக்கியிருந்தது.

பாகிஸ்தானின் மற்றொரு வாதம் இன்னும் பழைய தாளை நாடியது. தகராறுகளைச் சமாதான வழியில் தீர்ப்பதற்கான 1928ஆம் ஆண்டுப் பொதுச் சட்டத்தில் பிரிட்டிஷ் இந்தியா 1931இல் இணைந்தது. அதன் வாரிசுகள் என்ற முறையில் இரு நாடுகளும் அதற்குக் கட்டுப்பட்டவை என்று பாகிஸ்தான் வாதிட்டது. விடுதலைக்குப் பின் அச்சட்டத்துக்குத் தான் கட்டுப்பட்டதாக ஒருபோதும் கருதவில்லை என 1974இலேயே அறிவித்துவிட்டதாக இந்தியா மறுத்தது. ஆக, எல்லையைச் சொல்ல 1914ஆம் ஆண்டின் பம்பாய்த் தீர்மானமும், வழக்காட 1931ஆம் ஆண்டின் இணைப்பும் என, பிரிட்டிஷ் அலுவலகங்கள் விட்டுச்சென்ற கோப்புகளே இருமுறையும் திறக்கப்பட்டன. 2000 ஜூன் 21 அன்று, 14க்கு 2 என்ற வாக்குகளில், தனக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. மாறுபட்ட இருவருள் ஒருவர் ஜோர்டானின் அல்-கசாவ்னே. மற்றவர் பாகிஸ்தான் இவ்வழக்குக்கென நியமித்த பீர்சாதா. இரு நாடுகளும் முன்னர் தமக்குள் செய்துகொண்ட சிம்லா உடன்பாட்டையும் லாகூர் பிரகடனத்தையும் நினைவூட்டி, தகராறுகளை அமைதி வழியில் தீர்க்கும் கடமை இரு நாடுகளுக்கும் உண்டென்று தீர்ப்பு கூறியது. விமானம் எங்கே இருந்தது என்பதை எந்த நீதிபதியும் ஆராயவில்லை.

அந்நீதிமன்றத்தின் வரலாற்றில் இது புதிதன்று. 1950களில் தன் ராணுவ விமானங்கள் தொடர்பாக சோவியத் ஒன்றியம், ஹங்கேரி, செக்கோஸ்லோவாகியா ஆகியவற்றின்மீது அமெரிக்கா தொடுத்த வழக்குகள், எதிர்த்தரப்பு ஒப்புதல் தராததால் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன. 1955இல் பல்கேரியா வீழ்த்திய பயணிகள் விமானத்துக்காக இஸ்ரேல் தொடுத்த வழக்கும் 1959இல் அதிகார வரம்பிலேயே நின்றுபோனது. பயணிகள் விமானங்கள்மீது ஆயுதம் பயன்படுத்தலாகாது என்று சிகாகோ உடன்படிக்கை 1984இல் திருத்தப்பட்டது. ராணுவ விமானங்களுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

2007இன் தொடக்கத்தில் இரு நாட்டு நிலஅளவையாளர்களும் சர் கிரீக்கைக் கூட்டாக அளந்தனர். பழைய வரைபடத்தில் காணும் தடத்திலிருந்து கழி விலகியிருந்தது. அவ்வாண்டு மே மாதப் பேச்சுவார்த்தையில் பரிமாறிக்கொண்ட வரைபடங்களில், ஒருவர் கோட்டைக் கிழக்குக் கரையிலும் மற்றவர் நடு நீரோட்டத்திலும் வரைந்திருந்தனர்.