குற்றாலத்துப் பச்சை

குற்றாலத்துச் சித்திரசபையில் நடராசர் ஓவியமாக இருக்கிறார். சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம். எங்கள் பக்கத்துச் சபை மட்டும் சித்திரத்தால் பெயர் பெற்றது. சுவரில் பூசிய நிறம் காலப்போக்கில் மங்கும். மங்கினால் பழைய நிறத்தைப் பார்த்து யாராவது புதிய நிறத்தைக் கலக்கவேண்டும். தென்காசியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் எனக்கு அந்தச் சுவர்முன் நிற்கையில் தொழில் ஞாபகம்தான் வரும். எங்கள் பிழைப்பும் அதே வேலைதான்: கண்ட நிறத்தைக் காகிதத்தில் நிற்க வைப்பது, கருவி மாறும்போதெல்லாம் அதே நிறத்தை மறுபடி தேடிப் பிடிப்பது.

பொதிகைப் பக்கத்து அருவியைக் கடல் கடந்து கொண்டுபோனவர்களில் டேனியல்கள் முக்கியமானவர்கள். தாமஸ் டேனியலும் சகோதரரின் மகன் வில்லியமும் 1792இல் தெற்கே வந்து பாபநாசம் அருவியை வரைந்தார்கள். ‘ஓரியண்டல் சீனரி’ தொகுதிகளில் அது அச்சேறியது. செம்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சடிக்கும் அக்வாடின்ட் முறை அது. நிறம் பெரும்பாலும் அச்சுக்குப் பிறகு கையால் தீட்டப்பட்டது. ஆகவே ஒரே படத்தின் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்தால் பாறையும் வானமும் சற்றே வேறுபட்டிருக்கும். அந்தக் காலத்தில் அது குறையில்லை. மூலப் படமும் பிரதியும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற ஆசை பிறகு வந்தது.

கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு (1898–1976) அந்த ஆசையோடு மல்லுக்கட்டியவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி வந்தவர், 1940களில் அங்கே ஸ்டூடியோ வைத்தார். அவரும் சீடர்களும் எழுதிய சாமி படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாகி வீடு வீடாகப் போயின. முருகன் முகத்தின் ரோஜா நிறத்தை ஓவியத்திலிருந்து தகடு தகடாகப் பிரித்து, மறுபடி மைமேல் மையாக ஏற்றிய அந்த அச்சுக்காரர்களை யாரும் பெயர் சொல்லிப் பாராட்டியதில்லை. எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை உண்டு.

எங்கள் ஸ்டூடியோவைத் தொடங்கியவர் பெரியப்பா. சீசனுக்கு வருகிற குடும்பங்கள் அருவியில் குளித்துவிட்டு, தலை காய்ந்தும் காயாமலும் தென்காசிக்கு வந்து படம் எடுத்துக்கொள்ளும். பின்னால் தொங்கும் சீலையிலும் ஓர் அருவி எழுதியிருக்கும். எல்லாம் கறுப்பு வெள்ளைதான். 1960இல் ஊட்டியில் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ பேப்பர் எங்கள் டார்க் ரூமில் இருந்தது. கலர் வேண்டும் என்பவர்களுக்குப் பெரியப்பா கையால் டச் செய்து கொடுப்பார். நிறம் தோய்த்த தாள்களைக் கொண்ட சிறு புத்தகம் ஒன்று கடையில் கிடைத்தது. ஒரு நறுக்கு கிழித்துத் தண்ணீரில் போட்டால் நிறம் கரையும். குச்சிமுனையில் பஞ்சைச் சுற்றி, முதலில் முகத்துக்கு ஒரு மெல்லிய கோட். பிறகு உதடு, குங்குமம், நகை. சேலையின் நிறத்தை மட்டும் அவர் ஊகிக்கமாட்டார். படம் எடுத்த அன்றே ரசீதின் பின்னால் குறித்துக்கொள்வார்: “அரக்கு, பச்சை பார்டர்.” குறிப்பு இல்லாத படத்துக்கு அவர் நிறம் பூசி நான் பார்த்ததில்லை. “கண்ணு மறந்துரும்ல, காயிதம் மறக்காது” என்பார்.

இன்றைய கலர் நெகடிவ்களைக் கழுவும் சி-41 முறை 1972இல் வந்தது. டெவலப்பரின் சூடு 37.8 டிகிரி, அரை டிகிரி பிசகினாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வேலை எங்கள் டார்க் ரூமுக்கு அடங்காது. ரோல்களைப் பெரிய ஊர் லேபுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். நோரிட்சு நிறுவனம் 1970களில் கொண்டுவந்த மினி லேப் எங்கள் பக்கத்துக்கு மெல்லத்தான் வந்து சேர்ந்தது. வேலை பழக நான் லேபில் கொஞ்ச காலம் இருந்தேன். நெகடிவிலிருந்து பிரிண்ட் போடும்போது படத்தில் சிவப்பு அடித்தால் சிவப்பைக் குறைக்க முடியாது. அதே சிவப்புப் பக்கத்து ஃபில்டரைக் கூட்டவேண்டும். தலைகீழ்க் கணக்கு. அது விரலுக்குப் பழகியபின் முகத்தைப் பார்த்தவுடனே “மெஜந்தா ரெண்டு, மஞ்சள் ஒண்ணு” என்று கை தானாகப் போகும். லேபிலிருந்த மூத்தவர்கள் மிஷினைவிடத் தங்கள் கண்ணை நம்பினார்கள். காலையில் முதல் வேலை, ஒரே நெகடிவை அடித்து நேற்றைய பிரிண்டோடு ஒட்டவைத்துப் பார்ப்பது.

1990இல் தென்காசி ராஜகோபுரம் புதிதாக எழும்பிக் குடமுழுக்கு நடந்தது. நெடுங்காலம் பிளந்து நின்ற கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்த ஊர் அன்று திரண்டது. அந்த நாளின் கலர் பிரிண்ட்டுகள் இன்றும் வீடுகளில் இருக்கின்றன. பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் இளகி, படம் முழுக்கச் செம்மையேறிக் கிடக்கிறது. மறு பிரிண்ட் கேட்டு வருகிறார்கள். நெகடிவ் இருந்தால் பிழைத்தோம்.

இப்போது பிரிண்ட் போடுவது ஆறு நிற இங்க்ஜெட்டில். கறுப்பு, சியான், மெஜந்தா, மஞ்சள். அவற்றோடு லைட் சியான், லைட் மெஜந்தா. கடைசி இரண்டும் முகத்துக்காகவும் வானத்துக்காகவும் சேர்ந்தவை. கேமரா, கம்ப்யூட்டர், பிரிண்டர் மூன்றும் நிறத்தை ஒரே பாஷையில் பேசவேண்டும் என்று 1993இல் எட்டு நிறுவனங்கள் கூடி ஐசிசி என்ற அமைப்பை உண்டாக்கின. ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு ப்ரொஃபைல்: இந்த எண்ணைக் கொடுத்தால் இந்த நிறம் விழும் என்ற அளவுப் பட்டியல். 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லையை முன்வைத்தன. 1998இல் அடோபி ஆர்ஜிபி வந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் பச்சையிலும் சியானிலும்தான். ஜூன் மாதச் சாரலில் நனைந்த குற்றாலத்து மலையைப் பிரிண்ட் போடுகிற எனக்கு அது சின்ன விஷயமில்லை.

பிரிண்டர் பழசானதால் நிறம் கெடுவது குறைவு. ஹெட் நன்றாக இருக்கும், நாசில் செக்கில் ஒரு கோடும் விடுபட்டிருக்காது. கம்ப்யூட்டரின் சிஸ்டம் மாறிய மறுநாள் மணப்பெண் முகம் சிவந்து, கூந்தல் ஒரே கறுப்பாக அடைத்துக்கொண்டு வெளியே வரும். “அண்ணாச்சி, என் பட்டு இந்தக் கலரு இல்லையே” என்று அந்தப் பிள்ளை சேலைத் தலைப்பையே கொண்டுவந்து படத்தின்மேல் வைக்கும். காரணம் நடுவில் இருக்கிறது. ஃபோட்டோஷாப் ப்ரொஃபைலைப் பார்த்து ஒருமுறை நிறத்தை மாற்றி அனுப்புகிறது. பிரிண்டரை இயக்கும் மென்பொருளான புதிய டிரைவர் அதை மாற்றாத படம் என்று எண்ணி மறுபடி மாற்றுகிறது. ஒரு தடவை உப்புப் போட்ட குழம்பில் இன்னொருவர் வந்து உப்புப் போடுவதுபோல.

இன்னொரு காரணம் பேப்பர் வகை. பழைய டிரைவரில் கிளாஸி, மேட் என்று பட்டியல் இருக்கும்; எவ்வளவு இங்க் தெளிப்பது என்பதை அந்தத் தேர்வுதான் முடிவு செய்யும். எல்லாப் பிரிண்டருக்கும் பொதுவான டிரைவரில் அந்தப் பட்டியல் சுருங்கிவிடும், நிறத் திருத்தத்தை நிறுத்தும் பொத்தானும் இருக்காது. 32 பிட் சிஸ்டத்துக்கு எழுதிய டிரைவர் 64 பிட்டில் ஏறாது. விண்டோஸ் 11 வந்ததே 64 பிட்டில் மட்டும்தான். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் ஆதரவு முடிந்தது. மற்ற நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மென்பொருளிலும் இதே கதை. 2010இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்5இல், நிறத்தைத் தொடாமல் பிரிண்ட் போடும் வசதியை எடுத்துவிட்டார்கள். ப்ரொஃபைல் செய்வதற்கான நிறக் கட்டப்படத்தை அடிக்க அதுதான் தேவை. அதற்கென்று அடோபி தனியாக ஒரு சிறு மென்பொருளைத் தரவேண்டியதாயிற்று.

ஆகவே சிஸ்டம் மாறியதும் நான் படத்தைத் திருத்த உட்காருவதில்லை. பிரிண்டர் நிறுவனத்தின் சொந்த டிரைவர் கிடைக்கிறதா என்று முதலில் தேடுவேன். கிடைத்தால் ஃபோட்டோஷாப்பில் ‘ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்’, டிரைவரில் ‘நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்’. நிறத்தை ஒரே ஆள் பார்க்கவேண்டும், இருவர் கூடாது. பிறகு என் சோதனைப் படம். கடையில் விற்கிற வெளிநாட்டுச் சோதனைப் படத்தில் எங்கள் தோல் இல்லை என்பதால் நானே எடுத்துச் சேர்த்தது: மாநிறத் தோலும் கறுத்த தோலும், நனைந்த நெற்றியில் குங்குமம், அரக்குப் பட்டு, மலைப் பச்சை, ஐந்தருவியின் வெள்ளை நுரை, ஓரத்தில் சாம்பல் பட்டை. சாம்பல் பட்டை இளஞ்சிவப்பாக விழுந்தால் லைட் சியான் அடைத்திருக்கிறது. பச்சை அடித்தால் லைட் மெஜந்தாவைப் பார்க்கவேண்டும். இரண்டும் சரியாக இருந்து நிறம் பிசகினால்தான் புது ப்ரொஃபைல்: கட்டப்படத்தை நிறத்தைத் தொடாமல் அடித்து, நிறம் அளக்கும் ஸ்பெக்ட்ரோவால் கட்டம் கட்டமாக அளப்பது.

சீசனில் அவசரம் ஆகாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வீசும் நாட்களில் பேப்பர் ஈரம் குடித்து ஓரம் சுருளும், மை உலர நேரம் பிடிக்கும், உலர உலர நிறம் நகரும். ஆடி மாதத்தில் அடித்த கட்டப்படத்தை மறுநாள்தான் அளப்பேன். திறந்த பேப்பர் கட்டு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போய்விடும்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி எண்மமாக்கியிருக்கிறார்கள். அருமையான பணி. அந்தப் படங்கள் எந்தக் கணக்கில் பிறந்தன என்பதையும், ஃபில்டர் எண்களையும் கையால் டச் செய்தவர்களின் கலவைகளையும், சேர்த்து வைக்கவேண்டும் என்பது என் ஆசை. அந்தக் கைகள் பலவும் போய்விட்டன.

கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இந்தப் பிரிண்டருக்கென்றே வைத்திருக்கிறேன். இன்டர்நெட் கிடையாது, அப்டேட் கிடையாது. படங்கள் பென் டிரைவில் போகும். அதன் ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்தாயிற்று, டிரைவர் கோப்பும் ப்ரொஃபைல்களும் இரண்டு இடத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு சோதனைப் பிரிண்டின் பின்னாலும் தேதி, பேப்பர், இங்க், டிரைவர், ப்ரொஃபைல் பெயர் எழுதிவிடுவோம். பெரியப்பாவின் பேரன் இப்போது என்னிடம் வேலை பழகுகிறான். கம்ப்யூட்டர் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதனால் அவனுக்கு நான் கொடுத்த முதல் வேலை அந்தப் பிரிண்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, பின்பக்கக் குறிப்பை நோட்டில் ஏற்றுவது. 2014 வரை வந்திருக்கிறான்.