பழவேற்காட்டின் கல்லறைக் கற்கள்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள புதுவாயலுக்குக் கிழக்கே, பொன்னேரியைக் கடந்தால் வரும் பழவேற்காடு, 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரை முழுவதற்கும் டச்சுக்காரரின் தலைமையிடமாக விளங்கிய துறைமுகமாகும். 1602இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, இக்கரையின் நெசவாளர் நெய்த துணிகளை வாங்கித் தென்கிழக்காசியத் தீவுகளில் விற்று, ஈடாகக் கிராம்பும் சாதிக்காயும் பெறும் வணிகத்தின் பொருட்டு இங்கு வந்தது. 1612இல் போர்த்துக்கீசியர் அதன் பண்டசாலையைத் தாக்கிய பின்னர், 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியதும் ஊரின் முதன்மை குறைந்தது. 1825இல் அது முற்றிலும் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை புதர் மண்டிய மேடாகிவிட்ட இன்று, அக்காலத்தைக் கண்ணால் காணவும் எழுத்தால் படிக்கவும் எஞ்சியிருப்பவை கல்லறைகளே.

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில், இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்கள் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. அச்சுறுத்துவதற்காக அவை அங்கு வைக்கப்படவில்லை. டச்சுக்காரர் பின்பற்றிய சீர்திருத்தக் கிறித்தவம் தேவாலயத்தில் புனிதர்களின் உருவங்களை ஏற்காததால், அவர்களது கல்தச்சர் தம் திறனை மண்டையோடு, மணற்கடிகாரம், எலும்புக்கூடு ஆகிய நிலையாமைச் சின்னங்களிலும், குடும்பத்தின் பெருமை கூறும் கேடய முத்திரைகளிலும் காட்டினர். உள்ளே தூபி வடிவிலும், குவிமாடம் தாங்கிய மண்டப வடிவிலும், தரையோடு படிந்த பெரும் பலகைகளாகவும் 70க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. தமிழ்க் கல்வெட்டில் எழுத்து கல்லினுள் வெட்டப்படும். இப்பலகைகளிலோ சுற்றியுள்ள கல் செதுக்கி நீக்கப்பட்டு, எழுத்து புடைத்து நிற்கும். பெரும் உழைப்பைக் கோரும் இம்முறையே அவற்றின் நலிவுக்கும் காரணம், ஏனெனில் மேற்பரப்பு உதிரும்போது முதலில் மறைவது எழுத்துதான்.

அவ்வெழுத்துகள் இறந்தவரின் பெயரோடும் நாளோடும் நிற்பதில்லை. முதுநிலை வணிகர், இளநிலை வணிகர் என்னும் கம்பெனிப் பதவிகளும், பிறந்த ஊரும், மனைவியின் குடும்பமும், வாழ்ந்த ஆண்டுகளும் மாதங்களும்கூட அவற்றில் குறிக்கப்படுவதுண்டு. இவற்றின் மதிப்பை உணர்ந்த அலெக்சாண்டர் ரே, சென்னை மாகாணத்து டச்சுச் சின்னங்களைப் பற்றிய நூலை 1897இல் வெளியிட்டார். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் மாகாணத்தின் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905இல் பதிப்பித்தார். ஆயினும் கற்கள் சொல்லாதவை ஏராளம். கம்பெனிக்குத் துணி நெய்தவர்களுக்கும், பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கப்பட்டுப் பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) முதலிய இடங்களுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களுக்கும் இங்கே பலகை இல்லை. இக்கல்லறைகளைக் காப்பது அயலாட்சியைப் போற்றுவதாகும் என்ற எண்ணம் தவறானது. அடிமை வணிகத்தை நடத்தியவர்களின் பெயரும் பதவியும் ஆண்டும் இவ்வூரிலேயே கல்லில் நிற்பது, அவ்வரலாற்றை எழுத முனைவோருக்கு விலைமதிப்பற்ற சான்றாகும்.

இத்தகைய சான்று, இருந்த இடத்தில் இருந்தால்தான் முழுமை பெறும். சென்னையின் முதல் ஆங்கிலேயக் கல்லறைத் தோட்டம், இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி, பழைய சட்டக் கல்லூரி உள்ள நிலத்தில் இருந்தது. 1758–59 முற்றுகையின்போது பிரெஞ்சுப் படைக்கு அதன் கட்டடங்கள் மறைவிடமாயின என்பதால் பின்னர் அது அகற்றப்பட்டது. பெயர்த்தெடுத்த பலகைகள் ஜார்ஜ் கோட்டையின் தூய மரியாள் தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதிக்கப்பட்டன. வாசகங்கள் பிழைத்தன, எந்தக் கல்லின் கீழ் எவர் உறங்கினார் என்ற செய்தி அழிந்தது. பழைய இடத்தில் எஞ்சிய சிலவற்றுள் ஒன்று, 1680இல் இறந்த ஜோசப் ஹின்மர்ஸும், பின்னாளில் ஆளுநரான எலிஹு யேலின் குழந்தை டேவிட்டும் அடக்கமான கல்லறை. வாகன நிறுத்துமிடத் தேவையின் பொருட்டு அதை இடம் மாற்றுமாறு 2023இல் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டபோது, அதற்குத் தொன்மையும் கலைச்சிறப்பும் உண்டா என்பதே பெரிதும் வாதிக்கப்பட்டது. ஆனால் அந்நிலம் ஒரு காலத்தில் இடுகாடாக இருந்ததற்கு அங்கேயே நிற்கும் சான்று அது என்பதே அதன் முதன்மையான மதிப்பு.

பழவேற்காட்டில் இடமாற்றம் என்ற அச்சம் இல்லை, உப்புதான் பகை. ஊரை ஒட்டிய ஏரியிலிருந்தும் கடலிலிருந்தும் வரும் ஈரம் செங்கல்லில் ஊறி, வெயிலில் உலரும்போது உப்புப் படிகமாகி, பூச்சை உள்ளிருந்து வெடிக்கச் செய்கிறது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியேற விடும். சிமெண்ட் பூச்சு அதை உள்ளேயே அடைத்துச் சேதத்தை விரைவுபடுத்தும். குவிமாட வெடிப்புகளில் முளைக்கும் அரசங்கன்றை மேலே வெட்டினால் மட்டும் போதாது, வேர் சாகாவிடில் அது மீண்டும் தழைத்துச் சுவரைப் பிளக்கும். 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டமும் அதன் 2010 திருத்தமும், சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடத்தைத் தடுத்து, அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குக்குள் வைத்துள்ளன. தேய்ந்துவரும் எழுத்துகளுக்கு அச்சட்டம் மட்டும் துணையாகாது. கல்வெட்டறிஞர் செய்வதுபோல் ஒவ்வொரு பலகைக்கும் மைப்படி எடுத்து, டச்சு வாசகத்தைத் தமிழில் பெயர்த்து, ஊராரும் பள்ளி மாணவரும் படிக்குமாறு வாயிலருகே வைக்கும் பணி, எழுத்துகள் இன்னும் புடைத்து நிற்கும்போதே முடிக்கப்பட வேண்டும்.