மலர்க்காட்சியின் பின்னே

பெங்களூர் நகரின் வடகிழக்கில், பழைய கண்டோன்மெண்டை அடுத்து, ரயில் பாதைக்கு அப்பால் லிங்கராஜபுரம் என்னும் பகுதி இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. தை கழிந்து மாசி பிறக்கும் வேளையில் அங்குள்ள சில வீடுகளின் மொட்டை மாடியில் ஒருவகைப் பரபரப்பைக் காணலாம். தொட்டிகள் இடம் மாறும். இலைகள் ஈரத் துணியால் துடைக்கப்படும். மெல்லிய மூங்கிற் குச்சியில் பூந்தண்டு ஒன்று பதமாகக் கட்டப்படும். வசந்தகால மலர்க்காட்சிக்கு ஆர்க்கிட் செடிகளை ஆயத்தம் செய்கிறார்கள்.

இந்த ஆயத்தம் ஒரு வாரத்து வேலை அன்று. இன்று வீடுகளில் பெரிதும் வளர்க்கப்படும் ஃபலனாப்ஸிஸ் என்னும் ஆர்க்கிட் இனம் பூந்தண்டு விடுவதற்குச் சில வாரங்களாவது இரவுக் குளிர் வேண்டும். கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரின் மார்கழிக் குளிர் அதற்குப் போதுமானது. தண்டு தோன்றியபின் பூ விரிய ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். ஆகவே பங்குனியில் மலர வேண்டிய பூவுக்கு மார்கழியிலேயே இடம் பார்த்து வைக்க வேண்டும். மொட்டு விட்டபின் தொட்டியைத் திருப்பலாகாது. திருப்பினால் பூக்கள் ஒளியைத் தேடி ஆளுக்கொரு பக்கம் முகம் காட்டும். தொட்டியில் நிரப்புவதும் மண்ணன்று. கரியும் ஓட்டுச் சில்லும் தேங்காய் மட்டையுமே. வேரைச் சுற்றி நீர் தேங்கினால் செடி அழுகிவிடும். மாசியின் வறண்ட காற்றுக்கு மாற்றாக, கூழாங்கல் பரப்பிய தட்டில் நீர் ஊற்றி, அதன்மேல் தொட்டியை வைப்பார்கள்.

இவ்வளவும் செய்து காட்சி மேடையில் வைத்தபின், தொட்டியின் அருகே சிறு சீட்டு ஒன்று நிற்கும். செடியின் இனப்பெயர் அதில் இருக்கும். கலப்பினமாயின் தாய் தந்தைச் செடிகளின் பெயரும் இருக்கும். உடையவர் பெயரும் இருக்கும். நீர் வார்த்தவர் பெயர் இருப்பது அரிது. மலர்க்காட்சியின் சரித்திரத்தைப் படிக்கும்போதும் இதே நிலைமையைத்தான் காண்கிறோம். ஆகவே மலரைப் பார்த்த கண்ணால் மலரின் பின்னே நின்ற கைகளையும் சற்றுப் பார்ப்போம்.

மலர்க்காட்சி என்னும் வழக்கம் இன்றைய வடிவில் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1804இல் லண்டனில் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. அச்சங்கம் நடத்திய காட்சிகளில் செடிகளுக்குப் பரிசு வழங்கும் முறை வளர்ந்தது. 1833இல் டெவன்ஷயர் பிரபு ஒரு காட்சியில் வண்ணத்துப்பூச்சி போன்ற ஆர்க்கிட் மலர் ஒன்றைக் கண்டு மயங்கினார். அன்று முதல் அவர் ஆர்க்கிட் சேர்ப்பதில் இறங்கினார். 1835இல் அவருடைய தோட்டத்தைச் சேர்ந்த ஜான் கிப்ஸன் என்னும் இளைஞர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் காசி மலைகளில் அலைந்து, ஏராளமான ஆர்க்கிட் செடிகளைத் திரட்டிக்கொண்டு 1837இல் திரும்பினார். நம் நாட்டு மலைகளில் மரக்கிளைகளைப் பற்றி வளர்ந்த செடிகள் இவ்வாறு கடல் கடந்து குடியேறின.

குளிர் நாட்டில் அவை பிழைக்கக் கண்ணாடி வீடுகள் வேண்டும். அவற்றைக் கட்டியவர் பிரபுவின் தலைமைத் தோட்டக்காரர் ஜோஸப் பாக்ஸ்டன். செடிகளுக்காகக் கண்ணாடியும் இரும்பும் சேர்த்துக் கட்டிப் பழகிய அந்தக் கைகளே 1851ஆம் ஆண்டின் உலகப் பொருட்காட்சிக்காக லண்டனில் பளிங்கு மாளிகையை உருவாக்கின. தோட்டக்காரர் ஒருவர் பெயர் உலகச் சரித்திரத்தில் ஏறியது மிக அபூர்வமான செய்தி. பெங்களூருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

பெங்களூரின் தோட்டப் புகழ் ஆங்கிலேயர் வருமுன்பே தொடங்கிவிட்டது. 1760ஆம் ஆண்டளவில் ஹைதர் அலி இங்கு ஒரு தோட்டம் அமைத்தார். சிராவில் இருந்த மொகலாயர் பாணித் தோட்டம் அதற்கு முன்மாதிரி என்பர். சுமார் 40 ஏக்கரில் தொடங்கிய அதுவே லால்பாக். அவர் மகன் திப்பு சுல்தான் வெளிநாடுகள் பலவற்றிலிருந்தும் விதைகளும் கன்றுகளும் வரவழைத்தார். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், இவ்வூரைக் கண்ட பிரான்சிஸ் புகானன், தோட்டங்கள் சதுரப் பாத்திகளாக வகுக்கப்பட்டு, நடைபாதை ஓரங்களில் சைப்ரஸ் மரங்கள் நின்றதைக் குறித்துள்ளார்.

அந்தப் பாத்திகளைக் கொத்தியவர் யார்? இந்தக் கேள்வி நம்மைத் தமிழ் நாட்டுக்கே அழைத்து வருகிறது. பெங்களூரின் பரம்பரைத் தோட்டக்காரர்கள் திகளர் எனப்படும் சமூகத்தார். தமிழரைக் குறிக்கக் கன்னடத்தில் வழங்கிய பழஞ்சொல்லே திகளர், திகுளர் என்பது. தங்களை வன்னிகுல க்ஷத்திரியர் என்று சொல்லிக்கொள்ளும் இவர்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தவர் என்பதும், லால்பாக்கை உருவாக்க ஹைதர் அவர்களை வரவழைத்தார் என்பதும் வழிவழியாக வழங்கி வரும் செய்திகள். ஏரிகளின் கீழ்ப் பாய்ச்சலில் கீரையும் காயும் பூவும் விளைத்து, நகருக்கு ஊட்டியவர்கள் இவர்களே. இவர்களுள் பலருடைய வீட்டுப் பேச்சில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும்.

திகளர் நடத்தும் வசந்தவிழா ஒன்று உண்டு. அதற்குப் பரிசுச் சீட்டும் இல்லை, கண்ணாடிக் கூரையும் இல்லை. சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து மல்லிகையால் புனைந்த கரகம் புறப்படும். பூசாரி அதனைத் தலையில் தாங்கி, கையால் தொடாமல், விடியும் வரை நகரின் தெருக்களில் வலம் வருவார். தமிழகத்துத் திரௌபதி அம்மன் வழிபாட்டின் உறவை அதில் எளிதிற் காணலாம். ஊர்வலம் மஸ்தான் சாகிப் தர்காவிலும் நின்று செல்லும். இப்படித் தோட்டம் வளர்த்தவர்களின் தெய்வத்துக்கு நகரமே வழிவிடுகிறது.

1799க்குப் பிறகு லால்பாக் கைமாறி வந்தது. 1836இல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று சில ஆண்டுகள் அதனை நடத்திக் கலைந்தது. பின்னர், ஹியூ கிளெக்ஹார்ன் என்னும் மருத்துவர் கூறிய யோசனையின்படி, 1856இல் அது அரசாங்கத் தாவரத் தோட்டமாயிற்று. லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் நியூ 1858இல் பொறுப்பேற்றார்.

கிளெக்ஹார்ன் பெயரைச் சொன்ன இடத்தில் இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். அவருக்குத் தாவரச் சித்திரங்கள் தீட்டிக் கொடுத்தவர்களுள் கோவிந்து என்னும் ஓவியர் ஒருவர். அதற்கு முன் அவர் சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற தாவர அறிஞரிடம் பணியாற்றியவர். வைட் வெளியிட்ட பெரும் சித்திர நூலில் ரங்கையா, கோவிந்து என்ற இருவரின் கைவண்ணம் மிகுதி. கோவிந்துவின் திறமையை மெச்சிய வைட், 1853இல் ஓர் ஆர்க்கிட் இனத்திற்குக் ‘கோவிந்தூயா’ என்று பெயரிட்டார். இந்திய ஓவியர் ஒருவருக்கு இவ்வாறு மதிப்புச் செய்தது அக்காலத்தில் அரியது. ஆனால் அந்தச் செடி முன்பே பெயரிடப்பட்ட வேறோர் இனத்தைச் சேர்ந்தது என்று பின்வந்த அறிஞர்கள் முடிவு செய்தார்கள். விஞ்ஞான விதி நியாயமானதே. எனினும் ஓர் ஆர்க்கிட்டுக்கு வாய்த்த அந்தப் பெயர் வழக்கிலிருந்து நழுவிவிட்டது.

நியூவுக்குப் பின் 1874இல் ஜான் காமிரன் வந்தார். மெக்ஸிகோ நாட்டுப் பக்கத்துக் கொடியான சௌசௌவை இங்கு பரப்பியவர் அவரே என்பர். தமிழ் வீடுகளில் அதற்குப் ‘பெங்களூர் கத்தரிக்காய்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. எங்கிருந்தோ வந்த கொடி, வந்த ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது!

காமிரன் காலத்தில்தான் கண்ணாடி மாளிகையும் எழுந்தது. 1889 நவம்பர் 30 அன்று இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அதற்கு அடிக்கல் நாட்டினார். அதன் மாதிரி வேறெதுவுமன்று. ஆர்க்கிட் வளர்த்த தோட்டக்காரர் பாக்ஸ்டனின் பளிங்கு மாளிகைதான். நம் மலைகளிலிருந்து செடிகள் போயின. அவற்றைக் காக்க அங்கே கண்ணாடிக் கூரை பிறந்தது. அரை நூற்றாண்டு கழித்து அந்தக் கூரையின் வடிவம் நம் நாட்டுக்கு வந்து மலர்க்காட்சிக்கு நிழலாயிற்று.

1908இல் பொறுப்பேற்ற கிரும்பிகல் ஜெர்மானியர். டிரெஸ்டன் அருகில் 1865இல் பிறந்து, கியூவில் பயின்று, 1893இல் பரோடா சமஸ்தானத்துக்கு வந்தவர். ஒரு மரம் ஓய்ந்தால் இன்னொரு மரம் பூக்கும்படி, ஆண்டு முழுவதும் தெருக்கள் நிறம் மாறிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் திட்டம். 1912இல் மைசூர் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியதும் அவர் காலத்தில்தான். 1932இல் ஓய்வு பெற்றபின் அவர் தாய்நாடு திரும்பவில்லை. 1956இல் பெங்களூரிலேயே மறைந்தார். அவருக்குப் பின் ஜவரய்யாவும், பின்னாளில் மரிகௌடாவும் தோட்டத்தை வளர்த்தனர். மரிகௌடாவின் முயற்சியால் 1963இல் தோட்டக்கலைக்குத் தனி இலாகா அமைந்தது. இன்று லால்பாக் சுமார் 240 ஏக்கர் பரப்புடையது. குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை அங்கே மலர்க்காட்சி நடைபெறுகிறது. 2024 ஆகஸ்டில் நடந்தது 216ஆவது காட்சி. ஆர்க்கிட் வளர்ப்போரும் சங்கம் கூடித் தனிக் காட்சி நடத்துகிறார்கள்.

ஒரு காலத்தில் ஆர்க்கிட் பிரபுக்களின் உடைமையாய் இருந்தது. அதன் விதை தூசியினும் நுண்ணியது. முளைப்பதற்கு வேண்டிய உணவுகூட அதனுள் இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் துணையால்தான் அது முளைக்கும். 1922இல் லூயிஸ் நட்ஸன் என்னும் அமெரிக்க அறிஞர், சர்க்கரை கலந்த ஊட்டக் கூழில் பூஞ்சையின்றியே விதையை முளைக்கச் செய்யும் முறையை வெளியிட்டார். அதன்பின் செடி பெருகிற்று, விலை இறங்கிற்று. அதனால்தான் லிங்கராஜபுரத்து மாடி வீட்டுக்கும் அது வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த மாடி வீடுகளின் வரலாறும் பெயர்ச்சியின் வரலாறுதான். 1809 அளவில் பெங்களூரில் கண்டோன்மெண்ட் அமைந்தபோது, படையோடும் படைக்குப் பின்னும் தமிழர் திரளாக வந்தனர். கொத்தர், வணிகர், எழுத்தர், வீட்டு வேலையாளர், தோட்டத்துப் பணியாளர் எனப் பல தொழிலினர். 1949இல் கண்டோன்மெண்டும் பழைய நகரமும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. திகளர் பயிரிட்ட சம்பங்கி ஏரி நிலம் இன்று விளையாட்டரங்கம். தர்மாம்புதி ஏரி இன்று பஸ் நிலையம். பாத்தி போய்த் தொட்டி வந்தது. தோட்டம் போய் மாடி வந்தது. ஆயினும் மண்ணையும் நீரையும் அறிந்த கை அற்றுப் போகவில்லை.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு ஆர்க்கிட் செடி ஒரு செய்தி சொல்கிறது. மரத்தின்மேல் வாழ்வதைக் கண்டு பலர் அதனைப் புல்லுருவி என்று எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. புல்லுருவி மரத்தின் உள்ளே வேர் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். மரத்தில் வாழும் ஆர்க்கிட்டோ கிளையைப் பற்றி நிற்கும். மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் பட்டைமேல் படியும் மக்கையும் கொண்டே தன்னைத் தான் காத்துக்கொள்ளும். இடம் கொடுத்த மரத்துக்கு அது செய்யும் கைம்மாறு, அதன் கிளையில் பூத்து நிற்பதே. பிறர் ஊரில் வந்து வாழ்பவரைப் பார்த்துப் ‘புல்லுருவி’ என்னும் சொல் எப்போதேனும் எழுமாயின், அதற்கு விடை பெங்களூரின் தோட்டங்களில் இருக்கிறது. பாரசீகப் பாணியும், ஸ்காத்லாந்து மருத்துவர் யோசனையும், ஜெர்மானியர் திட்டமும், தமிழ்த் தோட்டக்காரர் உழைப்பும், கன்னட நாட்டு மண்ணும் நீரும் சேர்ந்தே அந்தப் பூக்கள் மலர்ந்தன. இவற்றுள் எதையும் நீக்கிவிட்டு அந்த அழகைக் கணக்கிட இயலாது.

ஆகவே காட்சிக்குச் செடி கொண்டு செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீட்டில் செடியின் தாய் தந்தையர் பெயரை எழுதுகிறீர்கள். உங்கள் பெயரை எழுதுகிறீர்கள். மார்கழிப் பனியில் அதை வெளியில் எடுத்து வைத்து, மாசியில் நாள்தோறும் நீர் தெளித்தவர் வேறொருவராயின், வீட்டில் உதவும் பெண்மணியோ, கூலிக்கு வரும் தோட்டக்காரரோ, யாராயினும், அவர் பெயரையும் கீழே ஒரு வரியில் எழுதுங்கள். லால்பாக்கின் பாத்திகளை முதலில் கொத்தியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறை நம் காலத்திலும் தொடர வேண்டியதில்லை.